மூடுபனி இரவுகளில் வானியலுக்குக் கைகொடுப்பது எப்படி: மலைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மன்னவனூர்ப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் வானத்தை மறந்துவிட வேண்டியதுதான். பகல் மூன்று மணிக்கே மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து கேரட் தோட்டத்து வேலியை மறைத்துவிடும். தொலைநோக்கியைத் துடைத்து, உறை போட்டுப் பரண்மேல் வைத்தால் தை மாதம்தான் இறக்குவேன். ஆனால் வானியலுக்காக நான் அதிகம் உழைப்பது இந்த மழை மாதங்களில்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, வானியலாளர்கள் பார்த்துத் தீர்க்க ஆள் போதாமல் வைத்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரிக்கிறேன். கொடைக்கானல், ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் என்று எந்த மலையூரில் இருப்பவரும் இதைச் செய்யலாம். பட்டம் தேவையில்லை, பணம் தேவையில்லை, தெளிந்த வானமும் தேவையில்லை.

பூம்பாறையில் பூண்டு தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குவியலுக்கு முன்னால் உட்கார்ந்த பெண்கள் பெரிசு, நடுத்தரம், பொடி, சொத்தை என்று கைபோகும் வேகத்தில் ஒதுக்குவார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "பாத்தாத் தெரியுதே" என்பார்கள். அந்தக் கண்தான் இங்கேயும் மூலதனம். மனிதக் கண்ணுக்குப் பார்த்ததும் தெரியும் சில விஷயங்களைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது இன்றும் கடினமாக இருக்கிறது.

இந்த வேலை எப்படித் தொடங்கியது

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கெவின் ஷவின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் ஒரே வாரத்தில் 50,000 கேலக்ஸிகளின் (கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த பெருந்திரள்களின்) படங்களைத் தானே பார்த்து வகை பிரித்தார். ஸ்லோன் வான் அளவாய்வு எடுத்திருந்த படங்களில் இன்னும் சுமார் ஒன்பது லட்சம் மீதி இருந்தன. கிறிஸ் லிண்டாட் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து 2007 ஜூலையில் அந்தப் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார். அதுதான் கேலக்ஸி ஜூ. ஒரு நாளுக்குள் மணிக்கு 70,000 பதில்கள் வந்து குவிந்தன. முதல் ஆண்டில் ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிப் பதில்கள் தந்தார்கள். 2009ல் இது ஜூனிவர்ஸ் என்ற பெரிய தளமாக வளர்ந்தது. வானியலோடு காட்டு விலங்குகள், பழைய கையெழுத்துப் பிரதிகள் என்று பல துறைத் திட்டங்கள் இப்போது அங்கே இருக்கின்றன.

தொடங்கிய அடுத்த மாதமே நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி ஃபான் ஆர்கெல் ஒரு படத்தில் கேலக்ஸிக்குப் பக்கத்தில் விசித்திரமான ஒரு தேமலைக் கண்டு, "இது என்ன?" என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. பிறகு ஆராய்ந்ததில், அந்த கேலக்ஸியின் மையத்தில் முன்பு ஆவேசமாக எரிந்து அடங்கிப்போன ஒரு குவேசாரின் (கருந்துளையைச் சுற்றிய வாயு வீசும் பேரொளி மையத்தின்) ஒளி பட்டு இன்னும் மின்னிக்கொண்டிருக்கும் பிரம்மாண்டமான வாயுத்திரள் அது என்று தெரிந்தது. 'ஹன்னியின் பொருள்' என்று டச்சு மொழியிலேயே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தெரியாததைத் தெரியவில்லை என்று வாய்விட்டுக் கேட்டதுதான் அவர் செய்தது.

தொடங்கும் முன்

ஜூனிவர்ஸ் தளத்தில் கணக்கு இல்லாமலும் வேலை செய்யலாம். ஆனாலும் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். நீங்கள் செய்ததெல்லாம் உங்கள் பெயரில் சேரும், கலந்துரையாடல் பகுதியில் எழுதவும் முடியும். மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் மின்னஞ்சலில் கணக்குத் திறங்கள்.

கைபேசியில் செயலி உண்டு, சில திட்டங்களுக்கு அது போதும். கேலக்ஸியின் மங்கலான கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய திரை நல்லது. திரையின் வெளிச்சத்தை நன்றாகக் கூட்டுங்கள், கண்ணைக் காக்கும் மஞ்சள் நிற வசதி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது நிறத்தை மாற்றிக் காட்டும். விளக்கு திரையில் பிரதிபலிக்காத இடத்தில் உட்காருங்கள்.

மலையில் நெட்வொர்க் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழைக்காற்றில் மின்சாரம் போனால் கோபுரமும் போகும். பாதிப் படத்தில் இணைப்பு அறுந்தால் அந்த ஒரு படத்தின் பதில் மட்டும் வீணாகும், முன்பு அனுப்பியவை பத்திரம். என் அனுபவத்தில் விடியற்காலை நான்கரையிலிருந்து ஆறு வரை இணைப்பு சீராக இருக்கிறது.

முதல் படி: கேலக்ஸி ஜூ

இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஒரு படம் வரும், பக்கத்தில் ஒரு கேள்வி வரும். வழவழப்பாக உருண்டு இருக்கிறதா, உள்ளே அமைப்போ தட்டு வடிவமோ தெரிகிறதா, அல்லது இது கேலக்ஸியே இல்லையா? பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும்.

வழவழப்பு என்பதை இட்லி போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிரகாசம், விளிம்பை நோக்கிப் போகப் போக மெதுவாக மங்கும், உள்ளே கோடோ புள்ளியோ இருக்காது. சுருள் கேலக்ஸிக்கு ஜிலேபி. நடுவிலிருந்து கைகள் சுழன்று வெளியே போகும். கைகள் எத்தனை, இறுக்கமா தளர்வா என்று கேட்பார்கள். சில சுருள்களில் மையத்தின் குறுக்கே நேரான தண்டு ஒன்று ஓடும், கைகள் அதன் இரு முனைகளிலிருந்து கிளம்பும். தண்டு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அந்த கேலக்ஸிக்குள் வாயு எப்படி மையத்தை நோக்கி இழுபடுகிறது என்பதை அறிய இது முக்கியம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நீளமாக, மெலிதாக ஒரு வடிவம் வரும். அது சுருட்டு வடிவ வழவழப்பு கேலக்ஸியா, பக்கவாட்டில் தெரியும் தட்டா? தோசைக்கல்லை முகத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டம், விளிம்பு தெரியத் திருப்பினால் கோடு. பக்கவாட்டுத் தட்டுக்கு இரண்டு அடையாளங்கள்: முனைகள் கூர்மையாகும், நடுவில் சிறிய வீக்கம் இருக்கும். பல சமயம் நீளவாக்கில் கருப்பாக ஒரு தூசிக் கோடும் தெரியும். சுருட்டில் இவை எதுவும் இராது, முனைகள் மழுங்கியிருக்கும். பத்துப் படம் தவறினாலும் பதினோராவதில் கண் பிடித்துக்கொள்ளும்.

விண்மீனைக் கேலக்ஸி என்று குறிக்காமலிருக்க, நடுவிலிருந்து சிலுவை போலக் கூர்மையான ஒளிக்கதிர்கள் நீள்கின்றனவா என்று பாருங்கள். அவை தொலைநோக்கியின் அமைப்பால் வருபவை, பெரும்பாலும் விண்மீனில்தான் தெரியும். படத்தின் குறுக்கே நேர்கோடு ஓடினால் அது செயற்கைக்கோளின் தடமாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்கா போன மழைக்காலத்தில் என்னோடு உட்கார்ந்தார். ஆறாவது படத்திலேயே கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இது இட்லியா ஜிலேபியான்னு எனக்குத் தெரியலையே. தப்பாப் போட்டா அவங்களுக்குக் கஷ்டமாயிடாதா?"

"தப்பாகாது அக்கா. இதே படத்தை உங்களை மாதிரி இன்னும் பல பேர் பாக்கிறாங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் போடுங்க."

இந்தத் திட்டத்தில் ஒரு படத்தை 40 பேர் வரை தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். 40 பேரில் 38 பேர் சுருள் என்றால் அது உறுதியான சுருள். 22 பேர் சுருள், 18 பேர் வழவழப்பு என்றால், அந்தப் பிளவே ஒரு தகவல். படம் மங்கல், அல்லது அந்த கேலக்ஸி உண்மையிலேயே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே அக்காவின் தயக்கமும் கணக்கில் சேருகிறது. அவர் என்னைப் பார்த்து என் பதிலைப் போட்டிருந்தால், இரண்டு கண்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். பதில் அனுப்பும் முன் யாரிடமும் கேட்காதீர்கள். அனுப்பிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

நம் கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. தொடக்கத்தில் சுருள்கள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்றும் கேட்டார்கள். கடிகாரத்துக்கு எதிர்த்திசை என்று வந்த பதில்கள் அதிகம். பிரபஞ்சமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? படங்களைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் எதிர்த்திசைதான் அதிகம் வந்தது. சாய்வு பார்ப்பவர்களிடம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க முடிந்ததே, ஒவ்வொருவரும் தாம் கண்டதை அப்படியே பதிந்ததால்தான். 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று நினைத்து யாரும் திருத்தியிருந்தால் எந்தக் கண்ணாடியாலும் அதைப் பிடித்திருக்க முடியாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்: கண்டதைக் குறியுங்கள், இருக்க வேண்டியதைக் குறிக்காதீர்கள்.

இதெல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்துவிடாதா என்று என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. கேலக்ஸிகளை வகை பிரிக்கும் நிரல்கள் வந்துவிட்டன. அவை கற்றுக்கொண்டது தன்னார்வலர்கள் தந்த பதில்களிலிருந்துதான். எளிதானவற்றை நிரல் பார்த்துக்கொள்ள, சிக்கலானவை நம்மிடம் வருகின்றன. முன்பைவிட இப்போது வேலை சுவையாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: வேறு சூரியன்களின் கோள்கள்

கேலக்ஸி ஜூவில் சில நூறு படங்கள் பார்த்த பிறகு பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் திட்டத்துக்கு வாருங்கள். இங்கே அழகான படம் கிடையாது. கருப்புத் தாளில் எள்ளை இறைத்தது போலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீனின் பிரகாசத்தை அந்த நேரத்தில் அளந்தது. இடமிருந்து வலமாக நாட்கள், மேலே போகப் போகப் பிரகாசம். 2018 ஏப்ரலில் ஏவப்பட்ட டெஸ் விண்கலம் வானத்தின் ஒரு பகுதியைச் சுமார் 27 நாட்கள் தொடர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்கு நகர்கிறது.

ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவில் கடந்தால் அந்தச் சில மணி நேரம் பிரகாசம் சிறிது குறையும். சூரியனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான் வியாழன். பரப்பளவில் நூறில் ஒன்று. ஆக வியாழன் குறுக்கே போனால் ஒரு சதவீத ஒளி குறையும். பூமி போனால் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. நாம் தேடுவது அந்தப் பள்ளத்தை.

கோளின் பள்ளம் தட்டையான அடியுடன் கிண்ணம் போல இருக்கும், சில மணி நேரத்தில் மீண்டுவிடும், சுற்று சிறியதென்றால் அதே இடைவெளியில் திரும்ப வரும். ஆழமாகப் போய் வி எழுத்தைப் போலக் கூர்மையாகத் திரும்பினால் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கின்றன என்று சந்தேகியுங்கள். ஆழமான பள்ளமும் ஆழம் குறைந்த பள்ளமும் மாறி மாறி வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வரைபடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் வரும் வெற்றிடத்தின் ஓரங்களிலும் தெரியும் சரிவுகளை நம்பாதீர்கள். அந்த வெற்றிடம் விண்கலம் பூமிக்குத் தகவல் அனுப்பும் நேரம், அதை ஒட்டி அளவுகள் சற்றுத் தடுமாறும். முதல் வாரம் நான் ஓரச் சரிவுகளையெல்லாம் விழுந்து விழுந்து குறித்தேன். கட்டம் போடும் முன் 'இது ஓரமா?' என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் அதிலிருந்துதான் வந்தது.

சில வரைபடங்களில் வேண்டுமென்றே போலிப் பள்ளம் வைத்திருப்பார்கள். பதில் தந்த பிறகு சொல்லிவிடுவார்கள். அது உங்களைப் பரீட்சிக்க மட்டும் அல்ல. எவ்வளவு சிறிய பள்ளம்வரை மனிதக் கண் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று அளந்தால்தான் மொத்த முடிவுகளையும் எடைபோட முடியும்.

கணினி நிரல்கள் பொதுவாகத் திரும்பத் திரும்ப வரும் பள்ளத்தைத் தேடுகின்றன. 27 நாளில் ஒரே ஒருமுறை வந்து போகும் நீண்ட சுற்றுக் கோளை மனிதர்கள்தான் எளிதில் பிடிக்கிறார்கள். முன்பு கெப்ளர் விண்கலத் தகவலை வைத்து நடந்த திட்டத்தில், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு சூரியன்களைச் சுற்றிவரும் கோள் ஒன்றைத் தன்னார்வலர்கள் கண்டார்கள். 2012ல் அறிவிக்கப்பட்ட அந்தக் கோளின் அமைப்பில் மொத்தம் நான்கு விண்மீன்கள். 2017ல் வேறொரு திட்டத்தில் தன்னார்வலர்கள் கண்ட கே2-138 விண்மீனைச் சுற்றி ஐந்து கோள்கள் கிட்டத்தட்டத் தாளக்கட்டோடு சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் கோள் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் அடுத்தது இரண்டு சுற்று முடிக்கிறது.

இன்னும் சில கதவுகள்

சோஹோ விண்கலம் 1995 டிசம்பரில் கிளம்பியது. சூரியனை நடுவில் தட்டால் மறைத்துவிட்டுச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும் அதன் கேமராவில் வால்மீன்கள் சூரியனை நோக்கிப் பாய்வது தெரியும். அவற்றைத் தேடும் சன்கிரேசர் திட்டத்தில் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை தன்னார்வலர்களுடையவை. 2024 மார்ச்சில் 5,000வது வால்மீன் கிடைத்தது. அடுத்தடுத்த படங்களை வரிசையாக ஓட்டி, ஒரே சீரான வேகத்தில் ஒரே பாதையில் நகரும் புள்ளியைத் தேட வேண்டும். ஒரே படத்தில் மட்டும் தோன்றி மறைவது காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் துகள், பட்ட தடம். பொறுமை நிறைய வேண்டும், தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பள்ளிகளில் பிரபலமானது சிறுகோள் தேடல். ஹவாயில் எடுத்த நான்கு படங்களை அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் மாற்றி மாற்றி ஓட்டி, நகரும் புள்ளியைக் கண்டு அறிக்கை அனுப்புவார்கள். நல்ல பயிற்சி. ஆனால் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு முதலில் வரும் சான்றிதழ் 'முதற்கட்டக் கண்டறிதல்' என்பதற்குத்தான். மறுபடி பார்த்து, பாதை கணக்கிட்டு, சிறுகோளுக்கு எண் கிடைக்க ஆண்டுகள் ஆகும். 'எங்கள் மாணவி சிறுகோள் கண்டுபிடித்தாள்' என்று மறுநாளே பதாகை வைத்துவிட்டால், பிறகு அது உறுதியாகாதபோது அந்தப் பிள்ளைதான் வருந்தும். இந்தத் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. இடையில் யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

நீலகிரிக்காரர்களுக்கு ரேடியோ வானியலில் தனி உரிமை உண்டு. ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியைக் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970ல் கட்டி முடித்தார்கள். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் வைத்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானப் பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது. மலையின் சரிவையே கருவியாக்கிய அதே ஸ்வரூப்தான் பிறகு புனே அருகே 30 பெரிய ஆன்டெனாக்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியை எழுப்பினார். அதன் தகவல்களைப் பொதுமக்களோடு சேர்ந்து அலசும் இந்தியத் திட்டம் ராட்@ஹோம், ஆனந்த ஹோதா 2013ல் தொடங்கியது. சாதாரணப் படத்தின்மேல் ரேடியோ படத்தை ஏற்றி, கேலக்ஸியிலிருந்து பீறிடும் தாரைகள் எங்கே வளைகின்றன என்று பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். அறிவியல், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கலந்துரையாடல் பகுதியில் எழுதுவது

ஜூனிவர்ஸ் திட்டங்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பேச்சுப் பகுதி இருக்கும். விசித்திரமாக எதையாவது கண்டால் வகைப்படுத்தி முடித்த பிறகு அங்கே எழுதுங்கள். ஆங்கிலம் தடையாக இருக்க வேண்டாம். 'இடது மூலையில் பச்சைப் புள்ளி, இது என்ன' என்ற அளவுக்கு எழுதினால் போதும். கேலக்ஸி ஜூ தன்னார்வலர்கள் இப்படிச் சேர்த்து வைத்த சிறிய பச்சைப் புள்ளிகள்தான், வெகுவேகமாக விண்மீன்களைப் பெற்றெடுக்கும் 'பச்சைப் பட்டாணி' கேலக்ஸிகள் என்று 2009ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தன.

வானம் திறக்கும் மாதங்களில்

தையிலிருந்து பங்குனி வரை மலை வானம் துலங்கும். அப்போது வெறுங்கண்ணால் செய்யக்கூடிய ஒன்று உண்டு. திருவாதிரை நட்சத்திரத்தின் பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும். வழக்கமாக ஒளி எண் 0.5ஐ ஒட்டி இருக்கும் அது 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியது. எண் கூடினால் ஒளி குறைவு என்று நினைவில் வையுங்கள். ரோகிணியின் ஒளி எண் 0.9, திருவாதிரைக்குக் கிழக்கே தெரியும் புரோசியான் விண்மீனின் எண் 0.4. திருவாதிரை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு, தேதி, நேரத்தோடு குறியுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்போது பாருங்கள், அடிவானத்துக்கு அருகில் இருப்பது எப்போதும் மங்கலாகத் தெரியும். 1911 முதல் மாறும் விண்மீன்களின் அளவுகளைச் சேகரித்துவரும் அமெரிக்கச் சங்கம் ஏஏவிஎஸ்ஓ உங்கள் குறிப்புகளை இணையத்தில் ஏற்றுக்கொள்ளும்.

இந்த வேலைக்கு நம் மண்ணில் ஒரு முன்னோடி இருக்கிறார். மதராஸ் வானோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். அந்த வானோக்ககத்தின் வானியல் பணி 1899ல் கொடைக்கானலுக்கு மலையேறியது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் தேவையும் அதற்கு ஒரு காரணம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கேதான் கண்டார். நூறாண்டுக்கும் மேலாக இங்கே எடுத்த சூரியப் படங்கள் இப்போது டிஜிட்டலாகி இணையத்தில் இருக்கின்றன. மேகம் விலகிய நாட்களில் விடாமல் எடுத்த படங்கள் அவை. அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது, வேறு எந்தத் திட்டத்திலும் சேராவிட்டாலும், ஒரு மழைக்கால மாலைக்குப் போதும். சூரியனை மட்டும் நேராகக் கண்ணாலோ தொலைநோக்கியாலோ பார்க்க வேண்டாம், பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம், யாரோடு

ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் கண் களைத்து, எல்லாமே இட்லியாகத் தெரிய ஆரம்பிக்கும். எண்ணிக்கையைப் பெருக்க வேகமாகச் சொடுக்குவதில் பயனில்லை. எங்கள் ஊரில் வியாழக்கிழமை மாலை ஐந்து பேர் சேர்கிறோம். ஆளுக்கொரு திரை, முதல் இருபது நிமிடம் யாரும் யாருடைய திரையையும் பார்ப்பதில்லை. பிறகு சுக்குக் காபி வரும், அப்போதுதான் பேச்சு. அக்கா இப்போது பக்கவாட்டுத் தட்டுகளை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார். போன வாரம் ஒரு படத்தில் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுத்து, நடுவே வால் போல ஒளி நீண்டிருந்ததைக் காட்டி, "இதுக்கு அந்தப் பேச்சுப் பக்கத்துல எழுதணும் தம்பி, எப்படின்னு சொல்லு" என்றார். இருவரும் சேர்ந்து ஒரு வரி எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.